டெஸ்மண்ட் கேட்ட ஜீவனாம்சம்

அத்தியாயம் 17

நீதிமன்றத்துக்குப் போக லொரைன் முதலில் சேலையைக் கட்டிப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டுச் சுடிதாரைப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், வேலைக்குப் போகும்போது போடுகிற கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும்தான் சரியென்று பட்டது. நன்றாக உடுத்திக்கொண்டு போனால் பணம் இருப்பவள் மாதிரித் தெரியும். மோசமாக உடுத்தினால் வேண்டுமென்றே செய்த மாதிரித் தெரியும்.

சமையலறையில் ஜோனா நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததிலிருந்து மகள் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வாள். அதுவும் ஒரு வார்த்தைதான்.

“உனக்கு கிளாஸ் இருக்குல்ல? நீ வரணும்னு இல்ல ஜோ.”

“அப்பாவுக்காக வர்றேன்,” என்றாள் ஜோனா. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லொரைன் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் மூத்த தாதி. அவள் கணவன் டெஸ்மண்ட் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவன். அவனுக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டீங்களா, கண்ணைக் காட்டினீங்களா, ஏன் இதைச் சாப்பிட்டீங்க என்று தினமும் அவள் கேட்பாள். தினமும் அவன் எரிந்து விழுவான். “எல்லாருக்கும் வீடு வீடா இருக்கு. எனக்கு மட்டும் வார்டா இருக்கு” என்று சொல்லிவிட்டு மூன்று வருடங்களுக்கு முன்னால் கிளமெண்டி வீட்டை விட்டுக் கிளம்பினான். குவீன்ஸ்டவுனில் ஓர் அறை எடுத்துத் தங்கினான். அங்கே ஊசியை நினைவுபடுத்த ஆள் இல்லை. அடுத்த வருடமே விழித்திரையில் இரத்தம் கசிந்தது. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டுமே அவனுக்குத் தெரிகிறது. இப்போது புக்கிட் மேராவில், பெட்டி என்ற தன் அக்காவின் வீட்டில் இருக்கிறான்.

விவாகரத்து ஆகிவிட்டது. வீட்டில் அவனுக்கு வந்த பங்கு சிகிச்சைக்கும் பழைய கடனுக்கும் போய்விட்டது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான். டெஸ்மண்ட் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறான்.

கணவன் கேட்கலாமா என்று பல பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் கேட்கலாம். உடலோ மனமோ பாதிக்கப்பட்டு, உழைத்துச் சம்பாதிக்க முடியாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியற்றுப்போன கணவன் கேட்கலாம். ஆனால் தன்னால் முடியாது என்பதை அவன் காட்ட வேண்டும்.

முடியும் என்று காட்ட ஒரு வீடியோ இருந்தது. அதை எடுத்தவள் ஜோனா. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டெஸ்மண்ட் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தைத் தனியாகக் கடந்து, காப்பிக் கடைக்குப் போய்க் காப்பி வாங்கினான். சற்றுத் தள்ளி நடந்தபடி ஜோனா அதைக் கைப்பேசியில் பிடித்தாள். பார்க்க முடியாதவரிடம் படம் பிடிப்பதைச் சொல்வானேன் என்று அவனிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாள். லொரைன் அதைத் தன் வழக்கறிஞருக்கு அனுப்பினாள். இந்த விஷயம்தான் ஞாயிற்றுக்கிழமை ஜோனாவுக்குத் தெரிந்தது.

*

புக்கிட் மேராவில் பெட்டி தம்பிக்குச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். காலர் நைந்துபோன நீலச் சட்டை.

அது எந்தச் சட்டை என்று டெஸ்மண்ட் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டான். நல்ல சட்டை ஒன்று இருக்கிறதே என்று கேட்டான். அது கல்யாணத்துக்குப் போடுவதற்கு என்றாள் பெட்டி. அவள் மகனுக்கு டிசம்பரில் கல்யாணம். மருமகள் வந்துவிட்டால் அந்த மூவறை வீட்டில் டெஸ்மண்ட் படுக்கிற அறை புதுத் தம்பதிக்கு. இதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள். திரும்பச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை, கேட்கும் தைரியம் அவனுக்கும் இல்லை.

பெட்டி விதவை. பாலர் பள்ளியில் சமையல் வேலை. தம்பியைப் பார்த்துக்கொள்வதில் அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் முட்டிவலியோடு எவ்வளவு நாள் ஓடுவது என்ற பயம் அவளுக்கு வந்துவிட்டது. மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, சட்ட உதவிக்கு எழுதிப்போட்டதும் அவள்தான். டெஸ்மண்ட் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் அவன் விரலைப் பிடித்து வைத்ததும் அவள்தான்.

மூலையில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலை அவன் துழாவினான். அவள் அதை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“இன்னைக்கு வேணாம் தம்பி. என் கையப் புடிச்சுக்க.”

“கோல் இல்லாம எப்படிக்கா?”

“அதத்தான் அவங்க பார்க்கணும்,” என்றாள் பெட்டி.

அவன் நல்ல கையை, அதாவது கோலைப் பிடித்துப் பழகிய கையை, அவளிடம் நீட்டினான்.

சனிக்கிழமைப் பயிற்சியையும் அவள் இப்படித்தான் நிறுத்தியிருந்தாள். பார்வை இழந்தவர்களுக்கான அந்த மையத்தில் ஸைஃப் என்ற பயிற்சியாளர் டெஸ்மண்டுக்குக் கோல் பிடிக்கவும், கைப்பேசியைக் காதால் கேட்டு இயக்கவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வழக்குத் தாள்கள் வந்ததும் பெட்டி அங்கே போக வேண்டாம் என்றாள். ஜோனா கேட்டதற்குக் காலில் புண் என்று சொல்லச் சொன்னாள். டெஸ்மண்டும் அப்படியே சொன்னான்.

எதிர்த்தரப்பின் தாள்களைப் படித்துக்காட்டியதும் பெட்டிதான். வீடியோவைப் பற்றிய பக்கத்தை மட்டும் படிக்காமல் புரட்டிவிட்டாள்.

*

லொரைனின் வழக்கறிஞர் ராஜீவின் அலுவலகம் டன்லப் ஸ்திரீட்டில், பயணப்பைகளும் சிம் கார்டும் விற்கிற கடைக்கு மேலே. லொரைன் படியேறி வரும்போது கீழே லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை பேசிவிடலாம் என்று ராஜீவ் வரச் சொல்லியிருந்தார்.

அவர் பொறுமையாகச் சொன்னார். நீதிபதி முதலில் பார்ப்பது டெஸ்மண்டால் சம்பாதிக்க முடியுமா என்பதை. முடியும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. முடியாது என்று ஏற்றுக்கொண்டால்தான் மற்றதெல்லாம் வரும். இரண்டு பேருடைய வருமானம், தேவை, வயது, எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், குடும்பத்துக்கு யார் என்ன செய்தார்கள். எல்லாவற்றையும் வைத்து ஒரு தொகை சொல்வார். அதனால் முதல் படியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

“அவர் ஊசி போடாம விட்டதையும் சொல்லப்போறேன் மேடம். பார்வை போனது அவரோட கவனக்குறைவு.”

லொரைன் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தாள். அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று மட்டும் மறுபடி சொன்னாள். மூன்று வருடமாக அவள் மனதுக்குள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். நான் சொன்னேன், நீங்க கேக்கல. இன்னொருவர் வாயால் அதை அவன் முன்னால் கேட்க அவளால் முடியாது.

சரி என்று ராஜீவ் ஒரு பக்கத்தை மடக்கினார்.

வீடியோவையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். அது எப்போதோ தாக்கலாகிவிட்டது. நீதிபதி பார்த்தும் இருப்பார்.

அதை அவள் அனுப்பியது இரவு வேலை முடிந்து காலையில் வந்து படுக்கப்போன நேரத்தில். டெஸ்மண்ட் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா என்று ராஜீவ் செய்தி அனுப்பியிருந்தார். ஜோனா அனுப்பிய வீடியோ கைப்பேசியில் மேலேயே இருந்தது. அதை அனுப்பிவிட்டு அவள் தூங்கிப்போனாள். எழுந்தபோது அது அவளுக்கு நினைவில்கூட இல்லை. இதை மகளிடம் எப்படிச் சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் இருக்கும்.

*

விசாரணை சின்ன அறையில் நடந்தது. ஜோனாவை உள்ளே விடவில்லை. டெஸ்மண்டுக்குத் துணையாகப் பெட்டி உட்காரலாம் என்றார்கள். நீதிபதி கண்ணாடி அணிந்த நடுத்தர வயதுப் பெண். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில்.

டெஸ்மண்டுக்குச் சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் தாரணி. இளம்பெண். அவள் முதலில் பேசினாள். அவருக்கு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது என்றாள். தெரிந்த ஒரே தொழில் வண்டி ஓட்டுவது, அது இனி இல்லை என்றாள். சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது. தனியாக வெளியே போக முடியாது, சமைக்க முடியாது, நாற்பத்தொன்பது வயதில் புதுத் தொழில் கற்க முடியாது.

முடியாது, முடியாது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் கெட்டிக்காரி, தன் வேலையைச் சரியாகச் செய்தாள். டெஸ்மண்ட் தலையைக் குனிந்துகொண்டு யாரோ ஒருவனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு தாரணி பழைய காலத்துக்குப் போனாள். ஜோனா கைக்குழந்தையாக இருந்தபோது லொரைன் தாதிமைப் பட்டம் படித்தாள். அந்த வருடங்களில் டெஸ்மண்ட் மலேசியாவுக்கு இரவு வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். இன்று லொரைன் வாங்குகிற சம்பளத்தில் அந்தப் பகல்களும் இருக்கின்றன என்றாள்.

அது உண்மை. லொரைன் மறுக்க நினைக்கவும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவளின் தோளில் தூங்கிவிழும் குழந்தையை எடுத்துக்கொண்டு அவன் கீழே போய்விடுவான். குழந்தை அழுகிற சத்தம் மாடிவரை கேட்காதபடி எங்கேயோ தூரமாக நடப்பான்.

ராஜீவ் எழுந்தார். வீட்டை விட்டுப் போனது கணவர்தான் என்றார். மகளின் பல்கலைக்கழகச் செலவு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் லொரைன் ஒருத்திதான் பார்க்கிறாள் என்றார். பார்வை இல்லாதவர்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், இவர் பயிற்சியில் நன்றாகத் தேறி வந்தவர் என்றார். பிறகு திரையில் வீடியோவைப் போட்டார்.

டெஸ்மண்டுக்குத் திரை தெரியாது. முதலில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக் என்று தரையில். தன் கோல் என்று அவனுக்கு உடனே புரியவில்லை. நாற்காலிகள் இழுபடுகிற சத்தம், தட்டுகள், யாரோ சீனத்தில் கூவுவது. பிறகு அவன் குரலே கேட்டது.

“ஆண்ட்டி, கோப்பி ஓ கோசோங், சத்து.” பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி ஒன்று.

அதற்குப் பிறகு, வெகு அருகில், கைப்பேசியின் பக்கத்திலேயே ஒரு மூச்சு. அடக்கிய சிரிப்பு. அடக்க முடியாமல் அது அழுகையாக மாறுகிற இடம். “அம்மா, பாருங்கம்மா. தனியா போயிட்டாரு,” என்றது ஜோனாவின் குரல்.

வீடியோ அதோடு முடிந்தது.

டெஸ்மண்ட் தலையை நிமிர்த்தி, குரல் வந்த பக்கம் திருப்பினான். அங்கே சுவர்தான் இருந்தது. பெட்டி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். எதிர் நாற்காலியில் லொரைன் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் பிடித்தது தெரியுமா என்று நீதிபதி அவனிடம் கேட்டார். தெரியாது என்றான். கையில் இருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி கேட்டார். இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயிற்சியை ஏன் நிறுத்தினீர்கள்?

பெட்டியின் விரல்கள் அவன் மணிக்கட்டில் அசையாமல் இருந்தன.

“பயமா இருந்துச்சு மேடம்,” என்றான்.

நீதிபதி எழுதிக்கொண்டார். தெருவிலும் பஸ்ஸிலும் எங்கே போனாலும் தயங்காத மனிதன் அவன். பயம் என்று அவன் வாயில் ஒரு வார்த்தை வந்து லொரைன் இதற்கு முன் கேட்டதில்லை. அது பொய் என்று அந்த அறையில் அவளுக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிந்தது. லொரைன் அதை மறுக்கவில்லை.

*

இடைவேளைக்குப் பிறகு நீதிபதி தன் முடிவைச் சொன்னார்.

காப்பி வாங்குவது வேறு, சம்பாதித்துப் பிழைப்பது வேறு என்றார். இன்றைய நிலையில் இந்த மனிதரால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது, அதனால் கேட்கும் உரிமை இவருக்கு இருக்கிறது. இருபத்தொரு வருடத் திருமணம், மனைவியின் படிப்புக்கு அவர் கொடுத்த தோள், இரண்டையும் ஒதுக்கிவிட முடியாது. அதேசமயம் மனைவி மேல் ஏற்கெனவே சுமை இருக்கிறது. ஒரு சம்பளத்தில் இரண்டு குடும்பங்களைப் பழையபடி வாழவைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தணிந்தது.

மாதம் நானூறு சிங்கப்பூர் வெள்ளி. டெஸ்மண்ட் சம்பாதிக்கத் தொடங்கும்வரை. யாருடைய நிலைமையாவது மாறினால், எந்தத் தரப்பும் திரும்ப வந்து மாற்றக் கேட்கலாம்.

வெளியே நடைபாதையில் பெட்டி தாரணியைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுல ஒரு ரூம் கூட கிடைக்காதும்மா. அரை ரூம்தான் கிடைக்கும்.”

தாரணிக்கும் தெரியும். கிடைக்காமலே போயிருக்கக்கூடும் என்றாள், ஆறுதலாக. பிறகு, சொல்ல வேண்டியது தன் கடமை என்பதால், இன்னொன்றும் சொன்னாள். டெஸ்மண்ட் பயிற்சிக்குப் போகலாம், அதில் தப்பில்லை. ஆனால் வேலை என்று ஒன்று கிடைத்தால் மறைக்கக் கூடாது. அவர்கள் தரப்பு உடனே திரும்ப வரும்.

“அப்போ அவன் வீட்லயே இருக்கட்டும்,” என்றாள் பெட்டி. “இருக்கிறதும் போயிடக் கூடாது.”

நடைபாதையின் மறுபக்கத்தில் ராஜீவ் லொரைனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, நல்ல முடிவு என்றார். லொரைன் நன்றி சொன்னாள். வாரத்தில் இன்னோர் இரவு வேலை சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

பெஞ்சில் அப்பாவின் பக்கத்தில் ஜோனா உட்கார்ந்திருந்தாள். வீடியோ போட்டார்கள் என்று அவன் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பா, நான் அதுக்காக எடுக்கல.”

“தெரியும்மா.”

நடைபாதையில் போகிறவர்களின் காலடிச் சத்தங்களை அவன் கேட்டான். பிறகு அவள் பக்கம் சாய்ந்து, ரகசியம் கேட்பதுபோல் கேட்டான்.

“அதுல நான் எப்படி நடந்தேன்?”

“நேரா நடந்தீங்க பா. முன்னாடி நடப்பீங்கல்ல, அதே மாதிரி. ஆண்ட்டி உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.”

அவன் தலையாட்டினான். முகத்தில் ஒரு கணம் ஏதோ தெளிந்து, அப்படியே அடங்கியது. காலில் புண் எதுவும் இல்லை என்று மகளிடம் சொன்னான். பயிற்சிக்கு இனிப் போவதாக இல்லை, சனிக்கிழமை அவள் வர வேண்டாம் என்றான். அவள் ஏன் என்று கேட்டாள்.

“இனிமே என்னைப் பத்தி எதையும் எடுக்காத ஜோ. எடுத்தாலும் யாருக்கும் அனுப்பாத.”

மின்தூக்கிக்காக நிற்கும்போது இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. லொரைன் ஒதுங்கித்தான் நின்றாள். ஆனாலும் டெஸ்மண்ட் முகத்தைத் திருப்பினான். அவள் அங்கே நிற்பது எப்படியோ அவனுக்குத் தெரிந்தது.

“லொரைன்? இப்ப ஊசிய விடாம போட்டுக்கிறேன்.”

“சாப்பாட்டுக்கு முன்னாடியா?” அவள் யோசிக்காமலேயே கேட்டுவிட்டாள்.

“முன்னாடிதான்.”

மின்தூக்கி வந்தது. பெட்டி தம்பியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கோல் இல்லாததால் வாசல் இடைவெளியில் அவன் கால் தடுமாறியது. லொரைனின் கை தானாக நீண்டது. எட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

*

வெளியே வெயில் கொளுத்தியது. ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று லொரைன் மகளைக் கூப்பிட்டாள். ஜோனா சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

வீடியோ போன விதத்தை லொரைன் அப்போதுதான் சொன்னாள். இரவு வேலை, களைப்பு, தூக்கம். எதையும் குறைக்காமல், தன் மேல் தப்பில்லை என்று சாதிக்காமல் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது சாக்குப்போக்காகவே ஒலித்தது.

ஜோனா முழுதும் கேட்டாள்.

“உங்களுக்குக் காட்டணும்னுதான் மா எடுத்தேன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு.”

அவ்வளவுதான். பச்சை விளக்கு விழுந்ததும் மகள் சாலையைக் கடந்து ரயில் நிலையத்துக்குள் இறங்கிப் போனாள். அவள் சொன்னதில் கோபம் இருந்திருந்தால் லொரைன் பதில் பேசியிருப்பாள். கோபம் இல்லை. அந்த வீடியோ வந்தபோது மருத்துவமனை மாடிப்படியில் நின்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். இனிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தேக்காவுக்குப் போனாள். சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கினாள். ஜோனாவுக்கு எலும்போடு இருந்தால் பிடிக்கும். சாமான் எல்லாம் வாங்கிய பிறகும் கொஞ்சநேரம் சந்தைக்குள்ளேயே சுற்றினாள். பையின் கனத்தில் விரல் சிவந்த பிறகுதான் ரயிலேறினாள்.

*

கிளமெண்டி வீட்டில் ஜோனா பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் எதிர்ப் புளோக்கின் மேல் மாடிகளில் மட்டும் மிச்சமிருந்தபோது கைப்பேசி அடித்தது. பயிற்சி மையத்து ஸைஃப்.

அப்பா ஏன் போன் எடுக்கவே மாட்டேன் என்கிறார் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் குரலில் உற்சாகம். சில மாதங்களுக்கு முன்னாலேயே டெஸ்மண்டின் பெயரை ஒரு பேருந்து நிறுவனத்துக்குக் கொடுத்து வைத்திருந்தாராம். பயணிகள் போன் பண்ணி எந்த வண்டி, எந்தச் சாலை, எங்கே இறங்குவது என்று கேட்பார்கள். சிங்கப்பூர்ச் சாலை எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் வேண்டும்.

“உங்க அப்பாவுக்கு இத விட நல்ல வேலை அமையாதுமா. பார்ட் டைம்தான். முதல்ல மூணு மாசம் டிரையல். பிடிச்சா வெச்சுக்குவாங்க லா. வெள்ளிக்கிழமைக்குள்ள மட்டும் சொல்லிடணும், வேற ஆளும் கேக்கறாங்க.”

“மூணு மாசத்துக்கு அப்புறம் பிடிக்கலன்னா?” என்று ஜோனா கேட்டாள்.

ஸைஃப் சிரித்தார். அதையெல்லாம் இப்போதே ஏன் யோசிக்க வேண்டும் என்றார். அப்பாவிடம் சொல்கிறேன் என்று சொல்லி அவள் வைத்தாள்.

போன மாதமாக இருந்தால், அவர் வைப்பதற்குள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருப்பாள். இப்போது கைப்பேசி கையிலேயே இருந்தது. அப்பாவிடம் சொன்னால் அவர் போக ஆசைப்படுவார். போனால் இன்று கிடைத்த ஜீவனாம்சம் நின்றுபோகும். மூன்று மாதத்தில் அவர்கள் வேண்டாம் என்றால், இதையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி அந்த அறை, அத்தை சொன்ன மாதிரி மறுபடி முடியாது, முடியாது என்று யாராவது சொல்ல அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்க வேண்டும். அத்தையிடம் சொன்னால் இந்தப் பேச்சே அப்பா காதுக்குப் போகாது. அம்மாவிடம் சொன்னால்.

அவள் அந்த நினைப்பை முடிக்கவில்லை. இந்த வீட்டில் அப்பாவைப் பற்றிய நல்ல செய்தி எதையும் இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

வாசலில் சாவிச் சத்தம். லொரைன் பைகளோடு உள்ளே வந்தாள். மகள் கையில் கைப்பேசியோடு நடுக்கூடத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

“யாரு ஜோ?”

“ஃப்ரெண்ட் மா. புராஜெக்ட் விஷயமா.”

நண்பகலுக்குப் பிறகு மகள் பேசிய முதல் வார்த்தை அது. முகத்தைப் பார்த்துச் சொன்னாள். லொரைனுக்கு அதுவே பெரிதாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். எலும்புக் கறி வாங்கி வந்திருப்பதாக அங்கிருந்தே சொன்னாள். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து அவள் மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடுவதும் கேட்டது. அந்த வீட்டில் அது கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஜோனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் எண்ணை எடுத்தாள். அழைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.